அணைக்கக் கூடாத பெட்டி

எட்டு மாதம் நான் ஒரு இரும்புப் பெட்டிக்குக் காவல் இருந்தேன். யாராவது கேட்டால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாகச் சொல்வேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வேலை முடிந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமையிலும் கூட, ஒக்கலிபுரத்து மூன்றாம் மாடி வீட்டை விட்டு அரை மணி நேரத்துக்கு மேல் நான் வெளியே போகாததற்குக் காரணம் வேலை இல்லை. என் கம்ப்யூட்டருக்குள் பின்பக்க மூலையில் நாலு திருகாணியில் உட்கார்ந்திருந்த பழைய பவர் சப்ளைதான். கடைக்காரர்கள் அதை எஸ்எம்பிஎஸ் என்பார்கள். சுவரிலிருந்து வருகிற கரண்டை வாங்கி, உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் பங்கு வைத்துக் கொடுக்கிற பெட்டி. ஒரு செங்கல் அளவுதான் இருக்கும்.

எனக்கு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற வேலை. காலை ஒன்பது முதல் சாயங்காலம் ஆறு வரை. கம்ப்யூட்டர் நம்முடையதாக இருக்க வேண்டும், அதற்குள் அவர்களுடைய மென்பொருள் ஒன்று உட்கார்ந்துகொண்டு நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிஷம் மவுஸ் அசையவில்லை என்றால் மேற்பார்வையாளருக்குத் தகவல் போய்விடும். காலை பத்து மணிக்குள் உள்ளே நுழையவில்லை என்றால் ஆப்சென்ட். முதல் நாளே லீவு சொல்லாமல் மூன்று ஆப்சென்ட் ஆனால் வேலை காலி.

போன பிப்ரவரியில், உங்கள் பழைய கம்ப்யூட்டர் இனிமேல் ஆகாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். புது மதர்போர்டு, புது பிராசசர், புது ராம் வாங்கினோம். மாட்டியது என் வீட்டுக்காரர். அவர் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறார். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஏழுக்குத்தான் வருவார். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தூக்கி எறியாத மனிதர். எங்கள் வீட்டுப் பரணைத் திறந்தால் முதலில் வயர்தான் தலையில் விழும்.

"எஸ்எம்பிஎஸ்ஸும் புதுசா வாங்கிடலாமே?" என்று கேட்டேன்.

"எதுக்கு? இந்தா, தூக்கிப் பாரு. கல்லு மாதிரி கீது. இப்ப வர்றதெல்லாம் வெறும் தகரம்மா."

தூக்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது. அவருக்குக் கனமாக இருப்பதெல்லாம் நல்ல பொருள். புது போர்டில் மெயின் சாக்கெட்டில் இருபத்துநாலு பின் இருந்தது, பழைய பெட்டியின் பிளக்கில் இருபதுதான். பிராசசர் பக்கத்து சாக்கெட்டில் எட்டு, நம்மிடம் நாலு. ஒரு ஓரமாக ஒட்டி மாட்டினார். மீதி இடம் பல்லு விழுந்த வாய் மாதிரி காலியாக இருந்தது. இப்படி மாட்டலாமா என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆவாது. சின்ன பிராசசர்தான, நாலு வயரே ஜாஸ்தி" என்றார். சுவிட்சைப் போட்டார், ஓடியது. அந்த விஷயத்தில் அவர் சொன்னது சரிதான், அதைச் சொல்லத்தான் வேண்டும். பின் குறைந்ததால் ஒரு கெடுதலும் வரவில்லை. கெடுதல் அந்தப் பெட்டியின் வயசில் இருந்தது.

கம்பெனி மென்பொருள் ஏறுவதற்காக அதுவரை ராத்திரியிலும் அணைக்காமல் ஓட விட்டிருந்தோம். இரண்டாவது வாரம் காலை ஏழு மணிக்குக் கரண்ட் போனது. எங்கள் யுபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும், அதற்கு மேல் அதுவும் படுத்துவிடும். ஒன்பதுக்குக் கரண்ட் வந்ததும் பட்டனை அழுத்தினேன். உள்ளே விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன். அதே துடிப்பு, அதே அமைதி. பத்து மணி தாண்டியது. முதல் ஆப்சென்ட்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்றுக்கு போன் பண்ணினேன். அந்த மனிதர் கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார். உள்ளே இருக்கிற கெப்பாசிட்டருக்கு வயசாகிவிட்டது, சூடாக இருந்தால் ஓடும், ஆறிவிட்டால் படுத்துக்கொள்ளும். "மலகுத்தெ மேடம், மலகுத்தெ" என்று இரண்டு தடவை சொன்னார், தூங்கிவிடும் என்று. மூன்று மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து அந்தப் பெட்டி மேல் விழுந்தது. நாலு மணிக்கு அழுத்தினேன், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

ஏழு மணிக்கு வீட்டுக்காரர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் என்ன செய்தார்? ஓடிக்கொண்டிருந்ததை அணைத்தார். ஒரு நிமிஷம் விட்டுத் திரும்பப் போட்டார். ஓடியது.

"எங்க, நல்லாத்தான கீது?"

"ஏங்க, இப்ப சூடா இருக்குங்க. ஆறினா எழுந்துக்காது."

"மெஷின் சூடானாத்தாம்மா நிக்கும். சூடானா ஓடும்னு எந்த ஊர்ல சொன்னாங்க?" என்று சிரித்தார். இருபது வருஷம் மெஷின் பார்த்தவர், அவரிடம் நான் வாய் பேச முடியுமா?

அன்றிலிருந்து எங்கள் சண்டை இதே இடத்தில் வந்து நின்றது. அவர் வீட்டில் இருக்கும்போது அது சூடாக இருக்கும், எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் சமர்த்துப் பிள்ளையாக எழுந்துகொள்ளும். அது ஆறிக் கிடக்கும் நேரத்தில் அவர் பொம்மசந்திராவில் இருப்பார். நிரூபிக்க வேண்டும் என்றால் ராத்திரி அணைத்துவிட வேண்டும். அணைத்தால் காலையில் எழாது, வேலைக்கு ஆபத்து. ஒரு முறை அதற்கும் துணிந்தேன். அன்று பார்த்து அவருக்கு ஐந்து மணிக்கே ஃபேக்டரி வண்டி. காலை எட்டிலிருந்து ஹேர் டிரையரை வைத்து அந்தப் பெட்டிக்குச் சூடு காட்டினேன். அது எழுந்தபோது மணி பத்தரை. இரண்டாவது ஆப்சென்ட். இன்னும் ஒன்று ஆனால் வேலை போய்விடும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

அந்த டிரையர் என் அக்கா கொடுத்தது. அக்கா பிரேசர் டவுனில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். "முடி காய வெயில் இல்லையா இந்த ஊர்ல?" என்று வீட்டுக்காரர் அந்த டிரையரைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பார். கம்ப்யூட்டர் மேசை டிராயரில்தான் அது எப்போதும் இருந்தது. என் முடிக்கு அது ஊதி எவ்வளவோ நாளாயிற்று.

பிறகு நான் அதை அணைப்பதையே விட்டுவிட்டேன். இரவும் பகலும் ஓடியது. கரண்ட் பில் ஏறுகிறதே என்று அவர் கத்தினால், அப்டேட் ஆகிறது என்று பொய் சொன்னேன். உண்மையைத்தான் அவர் நம்பவில்லையே. பக்கத்து அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் உறுமினால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். உடனே டிரையரை யுபிஎஸ்ஸில் மாட்ட முடியாது, அது தாங்காது. ஆகவே கரண்ட் போனால் பழைய போர்வையைக் கம்ப்யூட்டர் மேல் போர்த்தி அந்தச் சூடு ஆறாமல் அணைத்துக்கொண்டு உட்காருவேன். சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. காய்கறி வாங்கக் கீழே போனால் காது மட்டும் ஜெனரேட்டர் பக்கம் இருக்கும். ஒரு நாள் அது உறுமியதும் பாதி எடை போட்ட தக்காளியை அப்படியே விட்டுவிட்டு மூன்று மாடி ஓடினேன். குளிக்கும்போது பாத்ரூம் கதவை லேசாகத் திறந்து வைத்திருப்பேன், விசிறிச் சத்தம் கேட்க வேண்டும் அல்லவா. அந்தச் சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும், அதே சத்தத்தைக் கேட்டாலே எரிச்சலும் வரும்.

நீயே ஒன்று வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வாங்கினேன். ஆன்லைனில் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். கதவைத் திறந்தது அவர். "நல்லா ஓடுறதத் தூக்கிப் போட்டு இன்னொண்ணு எதுக்கு? திருப்பி எடுத்துட்டுப் போப்பா" என்று வந்த ஆளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! இரண்டு நாள் பேசவில்லை. மறுபடியும் வாங்கி, அவர் இல்லாத நேரத்தில் ஆளைக் கூப்பிட்டு மாட்டியிருக்கலாம்தான். ஏன் செய்யவில்லை என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. எனக்கும் பிடிவாதம். 'நீ சொன்னது சரிதான்' என்று அவர் வாயால் வர வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். சிறையில் பாதிச் சுவர் நானே கட்டியது.

அந்தப் பிடிவாதத்துக்கு ஜூன் மாதத்தில் பெரிய அடி விழுந்தது. அக்கா மகளுக்கு வளைகாப்பு. நான் தூக்கி வளர்த்த பெண். ஆட்டோவில் போனால் அரை மணி நேரம் ஆகாது. ஆனால் அந்த வாரம் எங்கள் தெருவில் கேபிள் வேலை நடந்துகொண்டிருந்தது, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. புடவை கட்டி, பூ வைத்து, செருப்பு மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். ஜெனரேட்டர் உறுமியது. திரும்பி உள்ளே போய்ப் போர்வையை எடுத்தேன்.

"கம்ப்யூட்டருக்குப் போர்வை போத்திட்டு உக்காந்துக்கோ. நான் போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் போனார். அங்கே போய், "அவளுக்குச் சொந்தக்காரங்கள விட கம்ப்யூட்டர்தான் பெருசு" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். உடம்பு சரியில்லை என்று நான் போனில் சொன்னதை அக்கா நம்பவில்லை. அதற்குப் பிறகு அவள் போன் பண்ணுவதை நிறுத்திவிட்டாள். வளையல் அடுக்கிய கைகளோடு அந்தப் பெண் நிற்கிற போட்டோவை வேறு யாரோ அனுப்பித்தான் பார்த்தேன். அன்றைக்கு நன்றாக அழுதேன். விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டுக்காரருக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம் இரண்டாம் பட்சம். ஃபேக்டரியில் மெஷின்களையெல்லாம் நிறுத்திக் கழுவிப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிப் பொட்டலத்தோடு வருவார். வீட்டிலும் மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, அவருடைய டெஸ்டர், ஸ்பேனர், எல்லாவற்றையும் வரிசையாக வைத்து விபூதி பூசுவார். அன்று எந்த ஆயுதத்தையும் தொடக் கூடாது.

"வருஷம் பூரா ஓடுது, அதுக்கு ஒரு நாள் ரெஸ்ட் வேணாமா?" என்று கம்ப்யூட்டரைக் காட்டினார்.

வருஷம் பூரா நான் ஓடுவது உங்கள் கண்ணில் படவில்லையா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு ஒன்று தோன்றியது. பூஜைக்கு மட்டும் எனக்கு லீவு உண்டு. மறுநாள் விஜயதசமிக்கு அவருக்கு லீவு, எனக்கு இல்லை. மத்தியானம் அணைத்தால் மறுநாள் காலைக்குள் அந்தப் பெட்டி ஐஸாக ஆறிவிடும். அவரும் வீட்டில் இருப்பார். அவர் கையாலேயே பட்டனை அழுத்தட்டும். மூன்றாவது ஆப்சென்ட் விழுந்து வேலை போனாலும் போகட்டும். ஒரே ஒரு தடவை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

"சரி, அணைச்சிடுங்க. நாளைக்குக் காலைல நீங்களே உங்க கையால போடுங்க" என்றேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திப் பூ சுற்றினார். நான் டிராயரிலிருந்து ஹேர் டிரையரை எடுத்து வரிசையில் வைத்தேன்.

"ஐயே, இதுவும் ஆயுதமா?"

"என் ஆயுதமே அதான். பொட்டு வைங்க."

சிரித்துக்கொண்டே வைத்தார். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெரிய அகல் விளக்கை ஏற்றினார். அன்று வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக விடிகிற வரை அசையாமல் தூங்கினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு அவர் பட்டனை அழுத்தினார். டுர்ரென்று விசிறி சுற்றியது. திரை வெளிச்சமானது. ஒரு துடிப்புக்கூடத் தப்பவில்லை.

"எப்படி?" என்று என்னைப் பார்த்தார்.

கோபமாகப் பேசியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். அவர் என் தோளில் கை வைத்து மெதுவாக, "பாரும்மா, இது உன் மனசுல இருக்கிற பயம். டாக்டர் யாரையாச்சும் போய்ப் பாக்கலாமா?" என்றார். அடப்பாவி மனுஷா! அதைவிடக் கொடுமை, ஒரு நிமிஷம் நானே அதை நம்பிவிட்டேன். எட்டு மாதம் இல்லாத ஒன்றுக்கா காவல் இருந்தேன்?

அப்போதுதான் எண்ணெய்ப் புகை வாசம் வந்தது. குனிந்து பார்த்தேன். எங்கள் மேசையில் கம்ப்யூட்டர் கேபினெட்டை வைக்க மூன்று பக்கமும் பலகை அடித்த ஒரு மாடம் உண்டு. அதற்குள், கேபினெட்டின் பின்பக்கத்தில், ஒரு எவர்சில்வர் தட்டில் அந்த அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாடத்துப் பலகை கருகிப் போயிருந்தது. கேபினெட் தகரத்தைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது.

"இது எப்ப உள்ள போச்சு?"

"ராத்திரி காத்து அடிச்சுது. அணைஞ்சிடப் போவுதுன்னு உள்ள நகத்தி வச்சேன். விடியிற வரைக்கும் எண்ணெய் ஊத்தினேன்."

விடிய விடிய என் பெட்டிக்குச் சூடு காட்டியிருக்கிறார்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. விளக்கை வெளியே எடுத்தேன். கம்ப்யூட்டரை அணைத்தேன். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து கேபினெட்டைப் பார்த்து வைத்து முழு வேகத்தில் சுழல விட்டேன்.

"என்ன பண்ற நீ?"

"உக்காருங்க. எங்கயும் போகக் கூடாது. இது ஆறுற வரைக்கும் நீங்களும் இந்த ரூம்லயே இருக்கணும்."

என் முகத்தைப் பார்த்தவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒன்பது மணி ஆனது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"வேலைக்கு நேரமாச்சும்மா. போடும்மா."

"அதான் நல்லா ஓடுதேன்னு சொன்னீங்களே, எப்பப் போட்டா என்ன?"

ஒன்பதேகாலுக்கு, போடுங்க என்றேன். அழுத்தினார். விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றது. மறுபடி அழுத்தினார். சுவிட்ச் போர்டைப் பார்த்தார், யுபிஎஸ்ஸைப் பார்த்தார், வயரைப் பிடுங்கிச் சொருகினார். பொட்டு வைத்த டெஸ்டரை எடுத்து வந்து கரண்ட் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. எத்தனை தடவை அழுத்தினார் என்று நான் எண்ணவில்லை. இருபது வருஷம் மெஷின் பார்த்த கை அது. அந்தக் கை நின்றுபோனது.

ஹேர் டிரையரை எடுத்து அவரிடம் நீட்டினேன். குங்குமம் அப்படியே இருந்தது. "பின்னாடி கம்பி ஜாலி வழியா காட்டுங்க. ரொம்பக் கிட்டப் போகாதீங்க" என்றேன். மண்டியிட்டு உட்கார்ந்து காட்டினார். பத்து நிமிஷத்தில் வலது கை வலித்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"டெய்லி இப்படியாம்மா பண்ண?"

"அணைச்சாத்தான் இப்படி. அதான் அணைக்கவே இல்ல."

டிரையரைத் திரும்ப வலது கைக்கு மாற்றினார்.

"அப்ப அன்னிக்கு வளைகாப்புக்கு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "நீ சொன்னே. நான்தான் கேக்கல" என்றார். எட்டு மாதம் காத்திருந்த வார்த்தை. வந்தபோது ஜெயித்த மாதிரி ஒன்றும் இல்லை.

பத்து ஆக எட்டு நிமிஷம் இருக்கும்போது விசிறி துடித்து, துடித்து, சுற்றியது. "வந்துடுச்சு! உக்காரும்மா, உக்காரு!" என்று கத்தினார். நான் உட்கார்ந்து பாஸ்வேர்டு அடித்து உள்ளே நுழைந்தேன். பிறகு எழுந்து நின்றேன்.

"இப்ப நீங்க உக்காருங்க."

"நானா? எனக்கு பில்லப் பத்தி என்ன தெரியும்?"

"பில்லு நான் வந்து பாத்துக்கறேன். நீங்க மவுஸ மட்டும் ஆட்டிட்டே இருங்க. அஞ்சு நிமிஷம் நிறுத்தினா போச்சு. ஜெனரேட்டர் சத்தம் கேட்டா அந்தப் போர்வைய எடுத்துப் போத்துங்க. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். நான் படி இறங்கினேன். ஆட்டோவில் ஏறும் வரை காது ஜெனரேட்டர் பக்கமே இருந்தது. பிரேசர் டவுன் வரும்போதுதான் அதை மறந்தேன்.

கதவைத் திறந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஓ, வழி தெரிஞ்சுதா?" என்றாள். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் என் போன் அடித்தது. அவர்தான்.

"ஏம்மா," என்றார். குரலே சரியில்லை. "பாத்ரூம் போயிட்டு வந்துடட்டுமா? அதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"கதவ லேசாத் தொறந்து வச்சுட்டுப் போங்க" என்றேன். "விசிறிச் சத்தம் கேக்கும்."